முக்கோணப் பெரியப்பா

பெரியப்பாவை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. கண்காட்சிக் கூடத்தின் கதவு திறந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பதினேழு பேர் அவரிடம் தோற்று எழுந்து போயிருந்தார்கள்.

பெரியப்பா என்றதும் வேட்டி கட்டிய ஆளாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கறுப்புத் திரையில் நிற்கும் ஒரு வெள்ளை முக்கோணம், அவ்வளவுதான். கண் கிடையாது, வாய் கிடையாது. ‘ஓரம்’ என்ற வீடியோ கேமில் முதலில் எதிர்ப்படும் எதிரி. ஆடுகிறவர் கையில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அது கோட்டிலிருந்து கோட்டுக்குத் தாவித் தாவி, பள்ளத்தில் விழாமல் போக வேண்டும். வழியில் எதன் மேலாவது இடித்தால் ஓட்டம் நின்று சண்டை ஆரம்பமாகும். சண்டை முறை வைத்து நடக்கும்: ஒரு முறை நம் அடி, ஒரு முறை எதிரியின் அடி. முறைதான் வைத்தாயிற்றே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் முடியாது. ஒவ்வொரு முறையும் அடி விழுகிற அந்த நேரத்தில் சரியாகப் பொத்தானை அமுக்கினால்தான் நம் அடிக்கு பலம் கூடும், எதிரியின் அடி தடுக்கப்படும். நேரம் பொருந்தினால் திரையில் ‘சரி’ என்று வரும். தவறினால் ‘சீக்கிரம்’ அல்லது ‘தாமதம்’. மயிரிழை பிசகாமல் நட்டநடுவில் அமுக்கிவிட்டால் எழுத்தே வராது, திரை முழுக்க ஒரு கணம் வெள்ளையாக மின்னும்.

முக்கோணம் இரண்டு தடவை நடுங்கும், கொஞ்சம் நிறுத்தும், அப்புறம் அடிக்கும். இந்த கேமைச் செய்த அக்கா தம்பியின் நிஜப் பெரியப்பாவும் அப்படித்தான். இரண்டு தடவை இருமுவார், கொஞ்சம் நிறுத்துவார், அப்புறம் திட்ட ஆரம்பிப்பார். அந்தப் பெயரை வைத்தது தம்பிக்காரன்.

நிரல் எழுதியது அக்காக்காரி. சத்தங்களைச் செய்ததும், எந்த எதிரி எந்த நொடியில் அடிக்கும் என்று கணக்கு வைத்ததும் தம்பி. ஆனால் கேமின் கடைசித் திரையில் இப்போது ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. இரண்டு பெயர் இருந்த இடத்தில் ஒன்று போனது பதினான்கு மாதத்துக்கு முன்னால். அந்த வெற்றிடத்தை நிரப்ப அவள் தன் பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கி நடுவில் வைத்திருந்தாள்.

நான்கு வருட உழைப்பு. மதியம் மூன்று மணிக்கு ஒரு வெளியீட்டு நிறுவனத்திலிருந்து ஆள் வந்து ஆடிப் பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடித்தால் கேம் வெளியே வரும். பிடிக்காவிட்டால் பழைய அலுவலகத்தில் போய் உட்காருவதாக அவள் சொல்லி வைத்திருந்தாள். இங்கேயோ முதல் எதிரியையே ஒருத்தரும் தாண்டவில்லை.

“என்னங்க இது, ஒருத்தர்கூட ஜெயிக்கல” என்றாள் வீட்டுக்காரரிடம்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இரண்டு நாள் வகுப்புகளை ரத்து செய்துவிட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தார். “முதல் நாள் எல்லாருமே பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலரேட்டரைத்தான் மிதிப்பாங்க. போகப் போகப் பழகிடும்.”

“பழகுறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடுறாங்களே.”

பதினேழு பேருக்கும் திரையில் வந்தது ஒரே வார்த்தைதான்: ‘சீக்கிரம்’. இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதற்குத்தான் பொறுமை இருக்கிறது என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டாள். எல்லாம் நம்ம அவசரக்குடுக்கை மாதிரியே என்று தம்பி ஞாபகம் வேறு வந்தது. அதை உடனே தள்ளி வைத்தாள்.

பதினெட்டாவதாக உட்கார்ந்தவள் ஒரு கல்லூரிப் பெண். டிரம்ஸ் வாசிப்பவள் என்று கூட வந்த தோழி பெருமையாகச் சொன்னாள். பெரியப்பா நடுங்கினார், நடுங்கினார், நிறுத்தினார். பெண் அமுக்கினாள். ‘சீக்கிரம்’. மறுபடி. ‘சீக்கிரம்’. ஐந்தாவது தடவை வட்டம் உடைந்து சிதறியது.

“நான் கரெக்டாதான் அடிச்சேன்” என்றாள் பெண்.

“எல்லாரும் அப்படித்தான்மா சொல்றாங்க.”

“நீங்க ஒரு தடவை ஆடிக் காட்டுங்களேன்.”

அதற்கென்ன. வீட்டில் ஒரு கையில் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவள் பெரியப்பாவை வீழ்த்துவாள். போனில் மின்சாரக் கட்டணத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டே வீழ்த்தியிருக்கிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நடுக்கம், நடுக்கம், நிறுத்தம். அமுக்கினாள்.

‘சீக்கிரம்.’

பதற்றம் என்று நினைத்து மூச்சை இழுத்துவிட்டு மறுபடி அமுக்கினாள். ‘சீக்கிரம்.’ கண்ணை இமைக்காமல் பார்த்து மூன்றாவது தடவை. ‘சீக்கிரம்.’ டிரம்ஸ் பெண் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தாள். செய்தவளே தோற்கிற விளையாட்டை யார்தான் ஆடுவார்கள்? இரண்டு பேரும் மெதுவாக நழுவிப் போனார்கள்.

ஒருத்தர் அவசரப்படலாம், இரண்டு பேர் அவசரப்படலாம். ஊரே சேர்ந்து ஒரே அளவுக்கு அவசரப்படுமா?

பக்கத்து மேசையில் ஒரு தாடிக்காரர் தன் கார் பந்தய கேமை வைத்திருந்தார். காலையிலிருந்து இந்தப் பக்கமும் ஒரு கண் வைத்திருந்தவர் எழுந்து வந்தார்.

“தப்பா நினைக்காதீங்க. இதை வீட்டுல எந்த ஸ்க்ரீன்ல டெஸ்ட் பண்ணீங்க?”

“டிவியிலதான்.”

“டிவியிலயா?”

முதுகுத் தண்டில் ஒரு வட்டு நகர்ந்துவிட்டது என்று டாக்டர் அவளை உட்காரவே கூடாது என்றிருந்தார். அதனால் ஒன்றரை வருடமாக சோபாவில் பாதி சாய்ந்து, மடியில் விசைப்பலகையை வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த பழைய டிவியைத் திரையாக வைத்துத்தான் வேலை செய்தாள். கேமைச் சோதித்துப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதே ஹாலில் அதே டிவி முன்னால் உட்கார்ந்துதான் ஆடினார்கள். அம்மா, வீட்டுக்காரர், எதிர்வீட்டுக் குடும்பம், வீட்டுக்காரரிடம் கார் பழக வந்த நாலைந்து பேர். எல்லாரும் பெரியப்பாவை ஜெயித்தார்கள். கண்காட்சிக்குத் தேர்வு செய்தவர்களும் வீடியோவைப் பார்த்துத்தான் தேர்வு செய்தார்கள், ஆடிப் பார்க்கவில்லை.

“அந்த டிவியில கேம் மோட் போட்டிருந்தீங்களா?” என்றார் தாடிக்காரர்.

“அப்படின்னா?”

தாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பழைய டிவிகள் படத்தை அழகுபடுத்திக் காட்டுவதற்காக உள்ளேயே கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும், படமும் சத்தமும் அந்த அளவுக்குப் பிந்தித்தான் வெளியே வரும் என்று விளக்கினார். கேம் மோட் போட்டால்தான் அந்தப் பிந்தல் குறையும். சினிமா பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. பொத்தான் அமுக்குகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். டிவியில் அடி விழுவதைப் பார்த்து அமுக்கும்போது, கணினிக்குள் அந்த அடி எப்போதோ விழுந்து முடிந்திருக்கும்.

“எவ்வளவு பிந்தும்?”

“பழசுன்னா ஏழு எட்டு ஃப்ரேம் போகும்.”

ஒரு நொடியை அறுபது துண்டாக நறுக்கினால் ஒரு துண்டுக்குப் பெயர் ஃப்ரேம். எட்டு ஃப்ரேம் என்பது கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் பெரியப்பா கொடுக்கிற இடைவெளி நடுவிலிருந்து இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. எட்டு பிசகினால் வேறு ஊருக்கே போனது போலத்தான்.

தாடிக்காரர் தன் மேசைக்குப் போனார். அக்காக்காரி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முதுகு வலித்தது. வலி முதுகில் மட்டும் இல்லை.

தம்பிக்காரன் லிஃப்ட் மெக்கானிக். பகலில் கட்டடம் கட்டடமாகப் போவான். சாயந்திரம் தன் அறையில் மடிக்கணினியில் ஹெட்போனைச் சொருகிக்கொண்டு கேமுக்குச் சத்தம் செய்வான். ‘ஓரம்’ கேமில் வரும் எல்லாச் சத்தமும் லிஃப்ட் சத்தம்தான். வட்டம் தாவுவது கம்பிக் கயிறு இழுபடும் சத்தம், எதிரி உடைவது கதவு இரண்டும் சேரும் சத்தம். எதிரிகள் போடும் நாற்பத்தோரு விதமான அடிகளுக்கும் கடைசி அசைவு நின்றதிலிருந்து எத்தனையாவது ஃப்ரேமில் அடி விழும் என்று எண் வைத்ததும் அவன்தான்.

சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவனுக்கு அவசரக்குடுக்கை என்று பேர். படியில் மூன்று மூன்றாகத் தாவிப் பல்லை உடைத்துக்கொண்டவன். இஸ்திரிப்பெட்டி சூடாகிவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தவன். பரீட்சை முடிவு வருவதற்கு முதல் நாளே பாஸாகிவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவன். பாஸானான் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

சோபாவுக்கு மாறிய கொஞ்ச நாளில் அவளுக்கு எல்லா அடியிலும் ‘தாமதம்’ என்று வர ஆரம்பித்தது. தம்பி எண்களை முன்னால் தள்ளி வைத்திருக்கிறான், அவன் அவசரம் கேமிலும் ஒட்டிக்கொண்டது என்று உடனே முடிவு கட்டிவிட்டாள். டிவியைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தம்பியைச் சந்தேகிப்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் கைவந்த வேலை. நாற்பத்தோரு எண்ணையும் ஒவ்வொன்றாகக் கைக்குப் பொருந்துகிற வரை பின்னால் தள்ளி வைத்தாள்.

“அக்கா, நீ மாத்தினதுக்கு அப்புறம் எனக்கு எல்லாமே சீக்கிரம்னு வருது” என்று அவன் வந்து நின்றான்.

“நீ சீக்கிரம் அடிக்கிற. அதான் வருது.”

“என் லேப்டாப்புல வந்து பாரேன்.”

“இந்த முதுகை வச்சுக்கிட்டு உன் மாடி ஏறச் சொல்றியா? இதோ இங்கயே ஆடிக் காட்டு.”

அம்மாவும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அவள் ஆடினாள், பத்துக்குப் பத்து. அப்புறம் அவன். அவனுக்கு ஒரு பழக்கம், பெருமை என்றும் சொல்லலாம். பெரியப்பாவை அவன் பார்த்து அடிக்க மாட்டான். முறையைத் தொடங்கும் பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, தான் வைத்த கணக்குப்படி உள்ளுக்குள் எண்ணி அடிப்பான். அன்றைக்கும் அப்படித்தான் அடித்தான். “என்ன வந்துச்சு?” என்று கண்ணைத் திறக்காமல் கேட்டான். “சீக்கிரம்” என்று அவள் படித்தாள். பத்து தடவை கேட்டான், பத்து தடவையும் படித்தாள். அம்மா சிரித்துவிட்டாள்.

“உனக்கு நேரமே தெரியலடா. எதுலயும் அவசரம். பொறுமை இல்லாதவனுக்கு இந்த வேலை எதுக்கு?” என்றாள் அக்காக்காரி.

அவன் ஹெட்போனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனான். மறுநாள் ஒரு செய்தி அனுப்பினான்: ‘என் பேரை எடுத்துடு.’ அவளும் ரோஷத்தில் எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் இருவரும் பேசிக்கொண்டது அம்மாவின் மாத்திரையைப் பற்றி மட்டும்தான்.

லிஃப்ட் கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும், எந்த நொடியில் மூட வேண்டும் என்று அளந்து வைப்பது அவன் வேலை. நேரம் தெரியாதவன், அவசரக்காரன், இத்தனை வருடமாக அந்த இருட்டுக் குழிக்குள் இறங்கி முழுசாக ஏறி வந்துகொண்டிருக்க முடியுமா? இந்தக் கேள்வி அவளுக்கு இன்றைக்குத்தான் தோன்றியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அழுதுகொண்டிருக்க நேரம் இல்லை. மேசைத் திரையில் ‘சற்று நேரத்தில் தொடரும்’ என்று எழுதி வைத்துவிட்டு நிரலைத் திறந்தாள். எல்லா எண்ணிலிருந்தும் எட்டைக் கழித்துப் பார்த்தாள். சில அடிகள் பொருந்தின, பல பொருந்தவில்லை. அப்போது அவள் தள்ளி வைத்தது அளந்து அல்ல, கைப்போக்கில். ஒன்றில் ஆறு, ஒன்றில் பத்து, வலி மாத்திரை போட்ட அன்று இன்னும் கூட. பெரியப்பாவுக்கு இருபத்தேழு என்று இருந்தது. எட்டு போக பத்தொன்பது.

பத்தொன்பதைப் பார்த்ததும் கை நின்றது. அந்த எண்ணை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

பழைய பிரதிகளை அவள் அழிப்பதில்லை. தம்பி வைத்த எண்கள் இருந்த கோப்புறையைத் தேடிப் பிடித்தாள். அதற்கு அவளே வைத்த பெயர் ‘அவசரம்’. திறந்தாள். பெரியப்பா, பத்தொன்பது. அப்படியே நாற்பத்தோரு எண்ணையும் தூக்கி இங்கே வைத்தாள். மொத்தம் பத்து நிமிட வேலை. பதினான்கு மாதம் சண்டை போட்டதற்கு இதுதான் மருந்து.

பன்னிரண்டரைக்கு மறுபடி ஆட்கள் உட்கார்ந்தார்கள். முதலில் வந்த வழுக்கைத் தலைக்காரர் மூன்றாவது முறையில் பெரியப்பாவை உடைத்துவிட்டு “அப்படிப் போடு!” என்று மேசையைத் தட்டினார். அடுத்தவரும் ஜெயித்தார். வரிசை நீண்டது. மற்ற எதிரிகளிடம் அவ்வப்போது வெள்ளை மின்னலும் வந்தது. பெரியப்பாவிடம் மட்டும் ‘சரி’ வந்ததே தவிர மின்னல் வருவது அபூர்வமாக இருந்தது. ஜெயிக்கிறார்களே, அது போதும் என்று அவள் விட்டுவிட்டாள்.

“தம்பிக்கு ஒரு போன் போட்டுடேன்” என்றார் வீட்டுக்காரர்.

“அவன் வேலையில இருப்பான்.”

“சாப்பாட்டு நேரம்தானே.”

“மூணு மணி முடியட்டும்ங்க.”

அவர் அடுத்த ஆளை உட்கார வைக்கப் போனார். கார் பழகுகிறவர்களோடு வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். எப்போது கத்த வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு வெளியீட்டாளர் வந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, தட்டையான செருப்பு, கையில் ஒரு சின்ன நோட்டு. ஒரு மேசைக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு வைத்து வந்த பெண்மணி. வளவளவென்று விசாரிக்காமல் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார். பெரியப்பாவை ஜெயித்தார். ஒரு கட்டத்தின் கோடுகளையெல்லாம் தாண்டினார். இரண்டாகப் பிரியும் சதுரத்திடம் தோற்று, மறுபடி ஆடி ஜெயித்தார். பத்து நிமிடம் இருபதானது.

“படம் அழகா இருக்கு. ஆனா அதைவிட இந்த அடிக்கிற நேரம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆள் மாதிரி இருக்கு” என்றார் நிமிர்ந்து. “இந்த டைமிங்லாம் யார் பண்ணாங்க?”

“நான்தான் பார்த்துக்கிட்டேன்” என்றாள் அக்காக்காரி.

வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பதினான்கு மாதமாகத் தனியாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிப் பழகிய வாய், பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டது. இதெல்லாம் சமாதானம். பொய் பொய்தான். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். “டீ வாங்கிட்டு வரேன்” என்று சொல்லி நடந்தார். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் வாங்கி வந்த டீ மேசையிலேயே ஆவி பறந்துகொண்டிருந்தது.

“நல்லா பண்ணியிருக்கீங்க. அடுத்த வாரம் பேசுவோம்.” வெளியீட்டாளர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டார்.

இதற்காகத்தான் நான்கு வருடம். சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. நோட்டில் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்தாள். தன் பெயரை. அந்த நோட்டிலும் நடுவில், கொஞ்சம் பெரிதாக.

எழுந்தாள். ஓடக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. ஓடினாள். மேசைகளுக்கு நடுவே, பைகளில் தடுக்கி, யாரோ ஒருவரின் காபியை இடித்து, மன்னிப்பு கேட்டுக்கொண்டே ஓடினாள். வெளிவாசல் படிக்கட்டில் பிடித்துவிட்டாள்.

“மேடம், ஒரு நிமிஷம். அந்த டைமிங் நான் பண்ணலை.”

வெளியீட்டாளர் நின்றார்.

“என் தம்பி பண்ணது. நாற்பத்தோரு அடியும் அவன் வச்சது. நான் அதைக் கெடுத்து வச்சிருந்தேன். பதினாலு மாசம். இன்னைக்கு மத்தியானம்தான் அவன் வச்சபடியே திருப்பி வச்சேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“இதைச் சொல்லவா இப்படி ஓடி வந்தீங்க?”

“ஆமா.”

வெளியீட்டாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. நோட்டைத் திறந்தார். “உங்க தம்பி நம்பர் சொல்லுங்க. முழு கேமுக்கு இன்னும் நிறைய அடி வேணும். அவர்கிட்டயும் பேசணும்.”

எண்ணைச் சொன்னாள். மனப்பாடமாகத்தான் இருந்தது. “ஆனா நீங்க பேசுறதுக்கு முன்னாடி நான் பேசிடுறேன்” என்றாள்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து போன் போட்டாள். நான்காவது மணியில் எடுத்தான். பின்னால் எங்கோ மோட்டார் சத்தம்.

“என்ன, அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துடுச்சா?”

“மாத்திரை இல்லடா. டிவி லேட்டா காட்டுது.”

“எந்த டிவி?”

“வீட்டு டிவி. எட்டு ஃப்ரேம் லேட்டு. நீ வச்சது எல்லாம் கரெக்டு. நான்தான் தப்பு. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி உன்னை அப்படிப் பேசினேன்ல, அதுவும் தப்பு.” இன்னும் அழகாகச் சொல்ல வேண்டும் என்று படிக்கட்டில் உட்காரும்போது யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. வெளியீட்டாளரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

மோட்டார் சத்தம் நின்றது. அவன்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

“பெரியப்பாவுக்கு இப்ப எவ்வளவு வச்சிருக்க?” என்றான்.

“நீ வச்சதுதான். பத்தொன்பது.”

“அது இருபது.”

“பத்தொன்பதுன்னுதான் இருந்துச்சு. பார்த்துத்தான் போட்டேன்.”

“தெரியும். அதைத் தப்பா போட்டுட்டேன். அடி விழுற படம் இருபதுலதான் வருது. அப்புறம் மாத்தலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீ எல்லாத்தையும் மாத்திட்ட.” கொஞ்சம் நிறுத்தினான். “அது ஒண்ணுல மட்டும் ஒரு ஃப்ரேம் அவசரப்பட்டுட்டேன்.”

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து புரையேறியது. மின்னல் ஏன் அபூர்வமாக வந்தது என்று இப்போது புரிந்தது. படி ஏறிக்கொண்டிருந்த இருவர் ஒதுங்கிப் போனார்கள்.

“நாளைக்கு வரியா?”

“மதியம் வரைக்கும் ஒரு கட்டடம் இருக்கு. பார்க்கிறேன்.”

“உன் பேரைத் திருப்பிப் போட்டுடவா?”

“அதை யோசிச்சுச் சொல்றேன்” என்றான். “என்ன அவசரம்?”

மறுநாள் மேசைக்காரர்களுக்கு ஒன்பது மணிக்குத்தான் கதவு திறக்கும். அவள் எட்டே காலுக்கே போனாள். அவளுக்கு முன்னால் அவன் வாசலில் நின்றிருந்தான், தோளில் கருவிப் பை, காயாத தலைமுடி. கட்டடத்தை வேறொருத்தனிடம் தள்ளிவிட்டு வந்திருந்தான். கதவு திறக்க முக்கால் மணி நேரம் இருக்கும்போதே அதை நான்கு தடவை இழுத்துப் பார்த்துவிட்டதாகக் காவலாளி புகார் சொன்னார். “ஏன்டா இவ்வளவு சீக்கிரம்” என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது. மென்று விழுங்கினாள்.

உள்ளே போனதும் அவன் நாற்காலியில் உட்கார்ந்து திரையைத் தட்டிப் பார்த்தான். “இது டிவி இல்லையே?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டான். வீட்டுக்காரர் சிரித்தார். முந்தின இரவே பெரியப்பாவின் எண்ணை இருபதாக்கி வைத்திருந்த கேமை அவள் திறந்தாள். வட்டம் மூன்று கோடு தாவிப் போய் முக்கோணத்தின் மேல் இடித்தது.

அவன் முறையைத் தொடங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பெரியப்பா நடுங்கினார், நடுங்கினார், நிறுத்தினார். அமுக்கினான்.

“என்ன வந்துச்சு?” என்றான் கண்ணைத் திறக்காமல்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வரத் தாமதமானதில் அவன் முகம் மாறுவதைப் பார்த்தாள்.

“அக்கா, என்ன வந்துச்சு?”

“வெள்ளைடா.”

“அப்போ பேரைப் போடு” என்றான்.